விட்டுப்போன காறை எலும்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எலும்புக் காசநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் மூன்று பேர் படித்தோம். முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் எல்லாம் இருந்தன; கழுத்துக்குக் கீழே மார்பிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு இல்லை. அங்கே அரிதாகத்தான் வரும். அதனால்தானோ என்னவோ எங்களை ஒன்பது மாதம் அலையவிட்டது.

அக்கா மகளுக்கு அப்போது 17 வயது. தொண்டைக்குழியை ஒட்டி இடப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம். காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. குடம் தூக்கியதில் பிசகியிருக்கும் என்று எண்ணெய்க்கட்டு போட்டோம். பிறகு ஆன்டிபயாடிக். கொஞ்சம் வற்றும், நிறுத்தினால் மறுபடி வீங்கும். இப்படி மூன்று சுற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மார்புப் பக்க முனையை விலா எலும்பும் முதுகெலும்பும் மறைத்துவிடும் என்பதெல்லாம் பிற்பாடு கேட்டு அறிந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, புற்றுநோயோ என்று துண்டு வெட்டிச் சோதிக்கும் பயாப்சி எடுத்தார்கள். நான் எழுத வந்ததே இதைத்தான். எடுத்த துண்டு அத்தனையையும் பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள். 'நாள்பட்ட அழற்சி, புற்றுநோய் இல்லை' என்று முடிவு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். அப்படியானால் என்ன கிருமி என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பயனில்லை. பார்மலினில் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்க முடியாது.

நான்கு மாதம் கழித்துத் தோல் உடைந்து சீழ் வடிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி கத்தி வைத்தார்கள். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கொத்தும் அந்த எலும்புக்கு நேர் கீழேதான் ஓடுகின்றன. ஒரே வேலைக்கு அங்கே இரண்டு முறை கைவைக்க வேண்டியதாயிற்று. இம்முறை ஒரு துண்டு பார்மலினில், இன்னொன்று கிருமி சாகாதிருக்க சலைன் என்ற உப்புநீர்க் குப்பியில். அன்று மாலையே கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் காசநோய் என்றும், அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்கும் என்றும் தெரிந்துவிட்டது.

சாதாரண சீழ்க்கிருமியாக இருந்திருந்தால் ஆறு வார மருந்தோடு முடிந்திருக்கலாமாம். சில பிள்ளைகளுக்குக் கிருமியே இல்லாமலும் இதே எலும்பு அழன்று வீங்குமாம். அதற்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். வெளியே பார்க்க மூன்றும் ஒரே புடைப்புத்தான்.

இவளுக்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 10 மாதம் மூன்று. எல்லாம் இலவசம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அலறிவிட்டாள். அது மருந்தின் நிறம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மாத்திரை முடிந்துவிட்டது. புண் ஆறித் தழும்பு மட்டும் இருக்கிறது, கை நன்றாகத் தூக்க வருகிறது.

பயாப்சிக்கு எழுதிக்கொடுக்கும்போதே 'ஒரு துண்டு கல்ச்சருக்கு', அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, என்று வீட்டார் கேட்கலாம் என்பதை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு மருத்துவரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

என் பெயரைப் போட வேண்டாம். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது யாராவது இதை எடுத்துக் காட்டுவார்கள் என்று அக்கா பயப்படுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
அம்பாசமுத்திரம்.