பாஸ்வேர்டை ஏன் மாற்றச் சொல்கிறோம்?

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை முதல் நம் பில்லிங் மென்பொருளைத் திறந்ததும் புது பாஸ்வேர்டு கேட்கும். போன வாரம் சுரண்டை அண்ணாச்சி ஒருவர், "பாஸ்வேர்டு மறந்துட்டு, பாத்துச் சொல்லும்" என்றார். எங்களிடமே இல்லை என்றதும் கோபம். "பொறவு சரியா தப்பான்னு உம்ம மிஷினுக்கு எப்படி வே தெரியுது?"

நியாயமான கேள்வி. நாங்கள் வைத்திருப்பது அதன் ஹேஷை மட்டும், அதாவது பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டு எடுத்த அடையாளக் குறியை. பத்திர ஆபீஸ் கைநாட்டு மாதிரி: ஆள் வந்தால் ரேகையை ஒத்துப் பார்க்கலாம், ரேகையை வைத்து ஆளை உண்டாக்க முடியாது. (அல்வாவைத் திரும்பக் கோதுமையாக்குகிற உவமை நம் ஊரில் தேய்ந்துவிட்டது.)

ஹேஷ் எடுக்க இதுவரை எம்டி5 என்ற முறையை வைத்திருந்தோம். ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் செய்தது. 2004-இல் சீனாவின் வாங் ஷியாவ்யுன் குழுவினர் இரண்டு வேறு தகவல்களுக்கு ஒரே ரேகை வரவைத்தார்கள். ஷா-1 என்ற இன்னொரு ஹேஷ் முறைக்கும் 2017-இல் அதே கதி. ஆனால் பாஸ்வேர்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, எம்டி5-இன் வேகம். ஹேஷ் பட்டியல் திருடன் கையில் சிக்கினால், ஒரு கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு கோடி பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துவிடும். கடைப் பேரோடு 123 சேர்த்தவர்கள் கவனிக்க!

ஷா-256 என்ற ஹேஷ் முறை இன்றுவரை உடையவில்லை. ராத்திரி பேக்கப்போடு வரும் 64 எழுத்து அதுதான்; கோப்பைச் சரிபார்க்க வேகம் நல்லது, அது தொடரும். பாஸ்வேர்டுக்கு அந்த வேகமே வினை.

அதனால் பாஸ்வேர்டுக்கென்றே 1999-இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறைக்கு மாறுகிறோம். வேண்டுமென்றே மெதுவாக ஓடும்; மெஷின்கள் வேகமாக ஆக, இதை இன்னும் மெதுவாக்கலாம். ஆளுக்கொரு 'சால்ட்' (குருட்டாம்போக்கில் எடுத்த குறி) சேர்வதால், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் ஹேஷ் வேறு. ஆர்கான்2 என்ற முறை இன்னும் நல்லது, மெமரியையும் தின்று திருடனைத் திணறடிக்கும். எங்கள் வாடகை சர்வருக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை.

பிகிரிப்ட்டில் ஒரு குறை உண்டு: 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. பைட் என்பது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் அளவு; ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும், தமிழுக்குக் கூடுதல். அதனால் தமிழில் அடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் முட்டும். 'திருநெல்வேலி' 36 பைட். இரண்டு முறை அடித்தால் தீர்ந்தது, அதற்குப் பின்னால் என்ன அடித்தாலும் கணக்கில்லை.

பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைக்காதீர்கள். பழைய பேக்கப்புகளில் அதன் எம்டி5 ஹேஷ் இன்னும் கிடக்கிறது. திறக்கவில்லையென்றால் போன் போடுங்கள். சுரண்டைக்கு புதன்கிழமை நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள்காரர்கள்,
பாளையங்கோட்டை