தலையைத் தூக்கிக் கட்ட விடாதே

அன்புள்ள கண்ணு,

ராஜஸ்தான் புஷ்கர் சந்தையில் நீ வாங்கிய செவலைப் பெண்குதிரையின் போட்டோ வந்தது. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன, அசல் மார்வாரி இனக் குதிரைதான். விலையைக் கேட்காதீங்க என்று உங்கம்மா சொல்லிவிட்டாள். கேட்கவில்லை.

லாரியில் ஏற்றும் ஆட்கள் குதிரை திரும்பாமல் நிற்கட்டும் என்று தலையை மேல்கம்பியோடு இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு மட்டும் விடாதே.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அந்தியூர் ஆடிச் சந்தையில் விற்கலாமென்று குஜராத்திலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை அப்படித்தான் கொண்டுவந்தேன். மூன்று நாள் தலை கீழே இறங்கவே இல்லை. வந்ததும் கொள்ளு வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அலுப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் முன்னங்காலால் தரையைப் பறித்தது, படுக்க மாட்டேன் என்றது. வயிற்றுவலி என்று நானே முடிவுகட்டிக் கஷாயம் ஊற்றினேன். அதற்கு டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

அவர் விலாவில் கை வைத்ததுமே குதிரை முனகியது. மூச்சில் அழுகல் நாற்றம். விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் விட்டார்; கலங்கிய நீர் வாளியில் பாதி வந்தது. பென்சிலினும் ஜென்டாமைசினும் போட்டுப் பார்த்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டது.

நல்ல குதிரையின் தொண்டையிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சும்மா குடியிருக்குமாம். மேயும்போது தலை தாழ்வதால் சளியோடு வெளியே வடிந்துவிடும். தூக்கியே கட்டினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பொட்டலில் தலையைத் தொங்கப்போட்டு மேய்கிற மிருகத்தை நாம்தான் சிப்பாய் மாதிரி நிமிர்த்தி நிறுத்துகிறோம்.

அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, தலையைக் கீழே போட விடு. தண்ணீரையும் புல்லையும் தரையிலேயே வை. தூசி பறக்காமல் புல்லை நனைத்துக்கொள். ராத்திரி எங்காவது இறக்கிக் கட்டு. டிரைவர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடு.

காலையும் மாலையும் ஜுரம் பார். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த ஊராக இருந்தாலும் அங்கேயே டாக்டரைத் தேடு, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. தெர்மாமீட்டரில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை வால்மயிரில் கிளிப் போட்டு மாட்டு. ஏன் என்று நேரில் சொல்கிறேன், உங்கம்மா இன்னும் சிரிக்கிறாள்.

கொட்டகையில் தீவனத் தொட்டியைத் தரைக்கு இறக்கி வைத்துவிட்டேன். சேலம் தாண்டியதும் போன் பண்ணு.

அப்பா