முழுப்பேர், அரைப்பேர்: ஒரு தோட்டக் கம்பனியின் பணிப்பாளர் சபைக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்துக்கொண்டு போகும்போது உங்களுக்கே விளங்கும். பொகவந்தலாவைப் பக்கம் நீங்கள் நடத்தும் தேயிலைத் தோட்டமொன்றில் என் அம்மா 1992 தொடக்கம் 2024 டிசம்பர் வரை கொழுந்து எடுத்தார். நான் பக்கத்துப் பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். உங்கள் கம்பனியில் 500 பங்குகளும் வைத்திருக்கிறேன். ஆகவே இந்த மடலைத் தொழிலாளியின் மகன் எழுதியதாக எடுத்துக்கொண்டாலும் சரி, பங்குதாரர் எழுதியதாக எடுத்துக்கொண்டாலும் சரி. எந்தப் பக்கத்தில் இருந்து எழுதினால் பதில் வரும் என்று தெரியாததால்தான் இரண்டையும் சொல்லி வைக்கிறேன்.

கேட்பது ஒன்றுதான், வேலையை விட்டு நின்றவருக்கு வரவேண்டிய பணிக்கொடை. தோட்டத்தில் அதைச் சர்வீஸ் காசு என்போம். அம்மாவின் சர்வீஸ் காசைக் கொடுங்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பாடசாலை இடைவேளை நேரம், வங்கியில் இருந்து குறுஞ்செய்தி வந்தது. பங்கொன்றுக்கு 2 ரூபாப்படி பங்கிலாபம், 15 வீத வரி போக 850 ரூபா என் கணக்கில் விழுந்திருந்தது. நான் கேட்கவில்லை, படிவம் நிரப்பவில்லை, யார் வாசலிலும் நிற்கவில்லை. அறிவித்த திகதியில் தானாக வந்து சேர்ந்தது. சந்தோஷம்தான். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அம்மா தோட்டத்து ஆபிசுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னம்மா சொன்னாங்க?" என்றேன். "பேரு சரியில்லையாம்" என்றார்.

பதினான்கு மாதமாக இதே பதில்தான்.

அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்தப் பெயர் உள்ள ஒரு பெண்ணாவது இல்லாத லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, மலையகத்தில் கிடையாது. சிக்கல் நடுவில் உள்ள எழுத்தில்தான். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் 'ட்சு' என்று இருக்கிறது. அடையாள அட்டையில் 'ச்சி'. பிறப்புச் சான்றிதழில் முன்னால் ஓர் 'இ' கூட. இந்த மூன்றில் எதையும் அம்மா எழுதவில்லை. ஒன்றை எழுதியவர் உங்கள் ஆபிசில் இருந்த பழைய கிளாக்கர், மற்ற இரண்டையும் எழுதியவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள். அம்மாவுக்குத் தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

சத்தியக்கடதாசி கேட்டார்கள். சமாதான நீதவானிடம் முடித்துக் கொடுத்தோம். கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். கொடுத்தோம். பிறகு சத்தியக்கடதாசியில் மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று இருக்கிறதே தவிர, எது சரியான பெயர் என்று இல்லை என்றார்கள். இன்னொன்று எழுதினோம். அதற்குள் கிளாக்கர் மாறிவிட்டார். புதியவர் நல்ல மனிதர். அம்மாவை உட்காரச் சொல்லி, "ஆள் நீங்கதான்னு எனக்குத் தெரியும்மா, கடதாசிக்குத் தெரியலையே" என்றாராம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோப்பு கொழும்புக்குப் போயிருக்கிறது என்கிறார். கொழும்பில் யாரிடம் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார். அந்தக் கை காட்டுவது உங்களைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் பெயர். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று தராசில் கழித்து, 18 கிலோ எடுத்தவர் 16 கிலோ எடுத்தவராகி, அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த நாட்களை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். கொழுந்துச் சாக்கை உதறி மடித்துவிட்டு அடுப்பை ஊதுவார். அன்றிரவு ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ இருக்காது, நாங்கள் புரிந்துகொள்வோம். முப்பத்திரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் உங்கள் செக்ரோலில் அம்மாவுக்குப் பேர் போட்டீர்கள், பாதியாக வெட்டினீர்கள். அப்போதெல்லாம் இந்தப் பேர் யாருடையது என்று எவருக்கும் சந்தேகம் வரவில்லை. தொழிற்சங்கச் சந்தா மாதாமாதம் அதே பேரில்தான் பிடிபட்டது. கோயில் காசும் அப்படியே. பிடிக்கும்போது 'ட்சு'வும் 'ச்சி'யும் ஒருவர்தான். கொடுக்கும்போது இரண்டு பேர்.

சரி, என் தொழில் கணக்கீடு என்பதால் கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் உங்கள் சட்டப் பிரிவுக்கு மனப்பாடமாக இருக்கும். நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம். அம்மா வேலையை விட்டு நின்றபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 32 வருடத்துக்கு 604,800 ரூபா வருகிறது. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கு ஏற்ப மேலதிகம், அது 30 வீதம் வரை போகும். மேலதிகத்தை நான் இப்போது கேட்கவில்லை. முதலில் முதல்தொகையைக் கொடுங்கள்.

உங்கள் ஆண்டறிக்கையையும் படித்தேன். பங்குதாரருக்கு அந்த உரிமை உண்டல்லவா. அட்டையில் ஓர் அம்மா கூடையோடு சிரிக்கிறார். நல்ல கடதாசி, விரல் பட்டால் வழுக்குகிறது. உள்ளே ஐந்தொகையில், பொறுப்புகள் பக்கத்தில், ஓய்வுகால நலன்களுக்கென்று ஒரு தொகை இருக்கிறது. என் அம்மாவின் காசு அதற்குள்தான் இருக்கிறது. கொடுக்கவேண்டியது என்று நீங்களே எழுதி, கணக்காய்வாளர் கையெழுத்தும் வைத்தாயிற்று. அந்தத் தொகையைக் கணிக்க ஒரு நிபுணரை அமர்த்துகிறீர்கள். சம்பளம் எவ்வளவு ஏறும், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், எத்தனை பேர் ஓய்வுக்கு முன்பே இறந்துபோவார்கள் என்பதை அவர் இறப்பு அட்டவணை வைத்துக் கணக்கிடுகிறார். உயர்தர வகுப்பில் இதைத் தொட்டுச் செல்லும்போது பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கும் இப்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தொழிலாளர் எப்போது சாவார்கள் என்றுகூட மதிப்பிடத் தெரிந்த கம்பனிக்கு, உயிரோடு வாசலில் நிற்பவரின் பெயர் தெரியவில்லை.

பங்குச் சந்தையில் பங்கை விற்றால் இரண்டு வேலை நாளில் காசு கைக்கு வருகிறது. உங்கள் தேயிலை கொழும்பு ஏலத்தில் போகிறது. 1883 இல் தொடங்கிய ஏலம், 2020 இல் கொரோனா வந்ததும் கிழமைக் கணக்கில் கணினிக்கு மாறிவிட்டது. நூற்று முப்பத்தேழு வருடத்துப் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்ற முடிந்திருக்கிறது. ஓர் எழுத்தை மாற்ற மட்டும் பதினான்கு மாதம் போதவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கவேண்டாம். என் பங்குக் கணக்கிலும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. திறந்த நாளில் இருந்தே இருக்கிறது. 850 ரூபாவுக்கு அது தடையாக இருக்கவில்லை.

2025 இல் கொழும்புச் சந்தையின் சுட்டெண் முதல் தடவையாக 20,000 புள்ளிகளைத் தாண்டியபோது எங்கள் ஆசிரியர் அறையில்கூடப் பேச்சு அதுதான். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்கு ஓடி, செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்று வந்த நாட்டில் இது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பள்ளத்தில் இருந்து யார் தோளில் ஏறி வெளியே வந்தோம்? 2021 இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் தேயிலை விளைச்சல் ஏறத்தாழ 30 கோடி கிலோவில் இருந்து 25 கோடியாக இறங்கியது. செடியில் கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர்தானே. அப்புறம் 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தது. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த பிணைமுறிகளை வாங்கிக்கொண்டு, முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம் என்று புதியவற்றைக் கொடுத்தார்கள். வங்கிகளின் ரூபாப் பிணைமுறிகளைத் தொடவில்லை. தொட்டால் வங்கி விழுந்துவிடுமாம். கொழுந்துக்காரி விழமாட்டாள், மலையில் ஏறி இறங்கிப் பழக்கம். பாராளுமன்றத்தில் இதற்குக் கை தூக்கியவர்களில் எங்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்களும் உண்டு. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,750 என்றார்கள். அதிலும் 200 ரூபா வருகைக்கென்று அரசாங்கம் கொடுப்பது. யார் வாங்கிக் கொடுத்தது என்று மேடைக்கு மேடை சண்டை. நின்று போனவர்களின் பாக்கியைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. அவர்கள்தான் இனிச் சந்தா கட்டமாட்டார்களே.

மன்னிக்கவேண்டும், இதெல்லாம் உங்கள் குற்றமில்லை. நான் உங்களிடம் கேட்க வந்தது சர்வீஸ் காசு.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்து, இரவோடிரவாக எல்லோரையும் பாடசாலைக்கு எழுப்பிக்கொண்டு போனோம். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள்மேல் மலை சரிந்தது 2014 ஒக்டோபரில். அதற்குப் பிறகு வெடிப்பு என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஒருவர் அரிசிச் சட்டியோடு வந்தார், ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியோடு. அம்மா ஒரு ஷொப்பிங் பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே சேமலாப நிதியின் பி கார்ட், அடையாள அட்டையின் பிரதி, இரண்டு சத்தியக்கடதாசிகள், பழைய சம்பளத் துண்டுகள் ஒரு கட்டு. மூக்குத்தி டப்பியைக் காம்பராவிலேயே விட்டுவிட்டார். அந்தக் காசு வந்தால் பின்பக்கம் கல்லடுக்கி ஓர் அணை கட்டவேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துத் தப்பு மேளக் குழுவில் அவன் இருக்கிறான். உங்கள் பழைய பெரிய துரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டதே, போன ஏப்ரலில் விருந்தாளிகளுக்கு அடித்துக்காட்ட அவர்களைக் கூப்பிட்டார்கள். புல்வெளி ஓரத்தில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். காய்ந்தால்தான் தப்பு பேசும். விருந்தாளிகள் அந்தத் தீயைத்தான் அதிகம் படமெடுத்தார்களாம். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி என்று தப்புக்குக் கணக்கு இருக்கிறது. "சாவு அடி மட்டும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காமன் அடியை அடித்தார்கள். அது கீழே லயம்வரை கேட்டது. அம்மா வாசல் ஸ்தோப்பில் உட்கார்ந்து, "ரெண்டாவது ஆள் தாளம் பிந்துறான்" என்றார். பிந்தியது தம்பிதான். ஆனாலும் அன்றிரவே கடித உறையில் காசு கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து பேரில் ஒருவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அரை மணி நேரத் தப்புக்கு அன்றைக்கே கூலி கொடுக்கத் தெரிந்தவர்கள்தானே நீங்கள் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் மட்டும் இப்படிப் பதினொரு பேர் இருக்கிறார்கள். நாலைந்து பேருக்குப் பெயர்ச் சிக்கல், மற்றவர்களுக்குக் கோப்புச் சிக்கல். ஒருவர் போன தைப்பொங்கலுக்கு முதல் கிழமை இறந்துவிட்டார். இனி அவர் பிள்ளைகள் வாரிசுச் சான்றுக்கு அலையவேண்டும். மரண வீட்டில் தப்படித்தவர்களுக்குக் கூலியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள். உங்கள் நிபுணரின் அட்டவணையில் அவர் சரியான இடத்தில் விழுந்திருப்பார்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. பணிவாகவே கேட்கிறேன். பெயர் வேறுபாடு உள்ளவர்களுக்கு சமாதான நீதவானின் ஒரு சத்தியக்கடதாசி போதும் என்று உங்கள் தோட்டங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள். அதோடு செக்ரோல் இலக்கத்தைப் பாருங்கள், இலக்கத்தில் எழுத்துப் பிழை வராது. கோப்பு கொழும்புக்கு வந்திருந்தால் அதைத் தேடி எடுத்து அம்மாவின் சர்வீஸ் காசைக் கொடுங்கள். மற்றப் பத்துப் பேருக்கும் அப்படியே.

வருகிற 10 ஆம் திகதி தோட்டத்தில் சம்பள நாள். அம்மா வழக்கம்போல ஷொப்பிங் பேக்கோடு ஆபிஸ் வாசலில் இருப்பார். அதற்கு முன் கிளாக்கர் ஐயாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் 500 பங்குகளின் சொந்தக்காரன்,
செக்ரோல் இலக்கம் 217 இன் மூத்த மகன்