ஆறு வாரமும் அறுபடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து அன்பு உறவுகளுக்கு,

நுரையீரல் புற்றுநோய்க்குக் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) கீமோவும் சேர்ந்து வாங்குகிறவர்களுக்குத் துணை நிற்கும் எங்கள் எல்லோரின் நன்றி இது.

வேகமாகப் பரவும் ஸ்மால் செல் (சிறு செல்) வகை அல்லாத புற்றுநோயில், அறுவை செய்ய முடியாத மூன்றாம் நிலையில், உடம்பு தாங்குமென்றால், கீமோவை முடித்துவிட்டுக் கரண்ட் வைப்பதைவிட இரண்டையும் ஒரே காலத்தில் கொடுப்பதே கூடுதல் ஆயுள் தருகிறது. மருந்து இருக்கும்போது கதிர் கட்டியைக் கடுமையாகத் தாக்கும். வழக்கமான கணக்கு 60 கிரே (கதிரின் அளவு), 30 தவணை, வாரம் 5 நாள், 6 வாரம். நடுவில் விட்டால் தப்பிய செல்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையிலும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணன்மாரே, நீங்கள் காத்தது அந்தக் கணக்கை. மெஷின் நின்ற வாரம் சனிக்கிழமையும் வந்து, விட்டுப்போன தவணையை ஈடுகட்டிய டெக்னீஷியன்களுக்கும் அதே நன்றி.

கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளின் வாராந்தர டிரிப் திங்கட்கிழமை ஏறவேண்டுமென்றால் ரத்த ரிசல்ட் முன்னாலேயே கையில் இருக்கவேண்டும். சனிக்கிழமையே எடுத்துக்கொடுத்த லேப் பிள்ளைகளை மறக்கமாட்டோம். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணு 1,500-க்கோ, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கோ கீழே போனால் பெரும்பாலும் டிரிப்பைத் தள்ளிவைப்பார்கள். அதோடு கரண்டும் நின்றுபோச்சு என்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள் பலர். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். பெரும்பாலும் கரண்ட் தொடரும். இதை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்ன நர்ஸ் அக்காமார் எத்தனையோ தவணைகளைக் காப்பாற்றினார்கள்.

மார்பின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிய ஸ்மால் செல் வகைக்கு அவசரம் இன்னும் அதிகம். முதல் அல்லது இரண்டாம் கீமோவோடு கரண்ட் தொடங்கவேண்டும். அதற்கு ஒரு வழக்கமான முறை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 1.5 கிரே, 3 வாரத்தில் 45 கிரே. நல்ல திசு தேறிவர, இரண்டுக்கும் நடுவே 6 மணி நேரமாவது வேண்டும். குலசேகரத்திலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் வருகிறவர்கள் அந்த இடைவேளையில் எங்கே போவார்கள்? ஆஸ்பத்திரிப் பக்கம் திண்ணையும் பாயும் தந்த வீட்டுக்காரர்களே, கைகூப்புகிறோம்.

மூன்றாம் வாரம் உணவுக்குழாய் புண்ணாகி எச்சில் விழுங்கவே வலிக்கும். சேர்த்துக் கொடுக்கும்போது இது அதிகம். காரமும் புளியும் சூடும் ஆகாது. ஆறின கஞ்சி, குழைய வெந்த பயறு, மசித்த மட்டிப்பழம், முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்த அம்மாமார்தான் எடை குறையாமல் காத்தார்கள். எடை வேகமாகக் குறைந்தால் உடம்பின் அளவு மாறும். மறுபடி சிடி ஸ்கேன் எடுத்துக் கரண்ட் திட்டத்தைத் திருத்த வேண்டிவரலாம். வலிக்கான மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கொடுங்கள்.

ஊர் டாக்டர்மாருக்கும் மெடிக்கல் ஷாப்காரர்களுக்கும் தனி நன்றி. கரண்ட் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். இருமல் சிரப் மட்டும் கொடுத்து அனுப்பாமல், "கரண்ட் வச்சீங்களா?" என்று கேட்டு ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினீர்கள். இனியும் கேளுங்கள்.

நன்றியுடன்,
நோயாளிகளின் துணையிருப்போர்,
கன்னியாகுமரி மாவட்டம்