நாகம்மையார் நினைவு நாள் ரத்ததான முகாம்: தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மே 11, பெரியார் ஈ.வெ.ரா.வின் துணைவியார் நாகம்மையார் மறைந்த நாள். 1933-இல் இதே ஈரோட்டில் கண்மூடினார். அந்த நாளில் அவர் நினைவாக நடந்த ரத்ததான முகாமும், அவருடைய பொதுவாழ்வு பற்றிய கண்காட்சியும் நல்லபடியாக முடிந்தன. மேடை நன்றியுரை வழக்கம்போல "மற்றும் அனைவருக்கும்" என்று முடிந்தது. அந்த "மற்றும் அனைவரும்" யார், என்ன வேலை பார்த்தார்கள் என்பதை எழுதத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலைச் சொல்லியே எழுதுகிறோம்.

மே மாதத்தில் முகாமா என்று கேட்டவர்கள் உண்டு. நினைவு நாள் என்பது ஒரு காரணம். இன்னொன்று ரத்த வங்கிக்காரர்களுக்குத் தெரிந்தது. முகாம்களில் ரத்தம் தருவோரில் கல்லூரி மாணவர்கள் கணிசம். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள். சிவப்பணுக்கள் உள்ள பை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைத்தாலும் வாரக்கணக்கில்தான் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான். மார்ச்சில் சேர்த்ததை மே வரை வைத்துக்கொள்ள வழியில்லை. விபத்தும் பிரசவமும் விடுமுறை பார்த்து வருவதில்லை.

மாணவர்கள் இல்லாத இடத்தை நிரப்பியவர்கள் விசைத்தறி, சாயப்பட்டறை, லாரித் தொழிலாளர்கள். முதல் நன்றி அவர்களுக்கு. அவர்களை அனுப்பிவைத்த தறி முதலாளிகளுக்கும் நன்றி. சும்மா "போயிட்டு வாங்க" என்று சொல்வதோடு இந்த வேலை முடிவதில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வருகிறவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. எடுத்தால் மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே முந்தின இரவே ஷிப்ட் மாற்றிப் போட வேண்டியிருந்தது. கொடுத்த கையால் அன்றைக்குப் கனமான பாவு நூல் உருளை தூக்கக் கூடாது என்பதால் அவர்களுக்கு மதியத்துக்கு மேல் நூல் சுற்றுகிற இடத்தில் லேசான வேலை தந்திருக்கிறார்கள். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டும் தோழர்களுக்கு விதி இன்னும் கடுமை: நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர் அடுத்த லோடு ஏற்றிக் கிளம்ப 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்த ஒரு நாள் வாடகையை விட்டுக்கொடுத்த லாரி உரிமையாளர்களை யாரும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தவில்லை.

மண்டபத்துக்காரர் தரைத்தளச் சாப்பாட்டுக் கூடத்தைத் தந்தார். மாடி ஹால் பெரிது, ஏசியும் உண்டு. இருந்தும் கீழ்த்தளம்தான் வேண்டும் என்று கேட்டதன் காரணத்தை அவரே புரிந்துகொண்டார். ரத்தம் கொடுத்தவர் கட்டிலில்தான் மயங்குவார் என்றில்லை. எழுந்து நடக்கும்போதோ, படி இறங்கும்போதோகூடக் கண் இருட்டும். ஜெனரேட்டர்காரர் தன் வண்டியை ஜன்னலை ஒட்டி நிறுத்தாமல் பின்வாசலுக்கு அப்பால் நிறுத்தி நீள ஒயர் இழுத்தார். டீசல் புகை உள்ளே வந்தால் அதற்கே நாலு பேருக்குத் தலை சுற்றும். கட்டில்களுக்கு வெளிர்நிறச் சென்னிமலைப் போர்வை தந்தவர்களுக்கும், காத்திருப்போர் உட்காரப் பவானி ஜமுக்காளம் விரித்துத் தந்தவர்களுக்கும் நன்றி. வெளிர்நிறம் கேட்டு வாங்கியது அழகுக்காக அல்ல. ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் உடனே கண்ணில் பட வேண்டும்.

இனி, இந்த மடலில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. அதைப் பார்க்க முகாம்களில் இன்றும் கையாளும் எளிய வழி மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். 1.053 ஒப்படர்த்தியில் (தண்ணீரைப்போல் 1.053 மடங்கு அடர்த்தியில்) கலக்கிய நீலக் கரைசலில் விரல் நுனி ரத்தத்தை ஒரு சொட்டு விடுவார்கள். 15 விநாடிக்குள் மூழ்கினால் தேர்வு. மிதந்தால் இல்லை. இதில் மே மாதம் ஒரு வில்லங்கம் செய்யும். மூடி திறந்து கிடந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகிவிடும். நல்ல ரத்தமும் மிதக்கும். சொட்டுக்குள் காற்றுக்குமிழி மாட்டினாலும் மிதக்கும். ஆய்வகத் தொழில்நுட்பர் அம்மணி காலையிலிருந்து புட்டியை மூடி நிழலில் வைத்து, 25 சொட்டுக்கு ஒருதரம் கரைசலை மாற்றிக்கொண்டே இருந்தார். மிதந்த ஒவ்வொருவரையும் மீட்டர் கருவியில் மறுபடி பார்த்த பிறகுதான் "இல்லை" என்றார்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் மிகுதி பெண்கள். இது எந்த முகாமிலும் நடப்பதுதான், ஆனாலும் நாகம்மையார் பெயரில் நடக்கும் முகாமில் பார்க்கும்போது உறுத்தியது. "ஏனுங்க, இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்க, முழுகுதான்னு பாக்கலாம்" என்று ஒரு தறிக்காரம்மா கேட்டார். "இருங்க கண்ணு" என்று அந்தத் தொழில்நுட்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, பூச்சி மாத்திரை எப்போது போட்டது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் உண்டா என்று விசாரித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். டீ, காபியோடு போட்டால் உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக ஒட்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். எங்கள் கணக்கில் முகாமின் பெரிய வேலை அந்த மேசையில்தான் நடந்தது. ரத்தம் தராமல் திரும்பிய பெண்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் வீணாக வந்து போனவர்கள் அல்லர்.

கட்டிலருகே நின்ற செவிலியர் பயிற்சி மாணவியருக்கு: 45 முதல் 55 கிலோ எடை உள்ளவரிடம் 350 மில்லி, அதற்கு மேற்பட்டவரிடம் 450 மில்லி என்பதைப் பை மாறாமல் கவனித்தீர்கள். இது கொடுப்பவர் உடம்பைப் பொறுத்தது மட்டுமல்ல. பைக்குள் இருக்கும் உறையாமை மருந்தின் அளவே பைக்குப் பை வேறு, 350-க்கு 49 மில்லி, 450-க்கு 63 மில்லி. பெரிய பையில் குறைவாக எடுத்தால் மருந்து மிஞ்சிப்போய் ரத்தம் கெடும். பை நிறைய நிறைய ஆட்டிக்கொண்டே இருக்காவிட்டால் மூலையில் கட்டி தட்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் ஆட்டும் கருவி நின்ற சில விநாடிகளில் பைகளைக் கையில் ஏந்தி ஆட்டிய பிள்ளைகளைப் பார்த்தோம். முகம் வெளுத்து, கொட்டாவி விட்டவர்களைக் கொட்டாவி நிலையிலேயே கண்டுபிடித்துக் காலைத் தூக்கி வைத்ததும் நீங்கள்தான். பஞ்சு வைத்தபின் கையை மடக்காமல் நீட்டியபடி 5 நிமிடம் அழுத்தச் சொன்னதால் கன்றிப்போன முழங்கை அதிகம் தென்படவில்லை.

சமையல் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தனிப் பத்தியே வேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு அரை மணிக்கு முன்னால் அரை லிட்டர் நீராகாரம் உள்ளே போனால் மயக்கம் குறையும் என்று சொன்னதும், உப்புப் போட்ட மோரை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். மே வெயிலில் மொத்தமாகக் கரைத்து வைத்தால் பதினொரு மணிக்குள் புளித்துவிடும். தயிரைத் தனியாக நிழலில் வைத்து, ஒரு லிட்டருக்கு நாலரை லிட்டர் தண்ணீர் என்று அவ்வப்போது கடைந்தார்கள். ஐஸ் வேண்டாம் என்று அவர்களே மறுத்தார்கள். கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்குத் தெரியும். மண்பானைதான். கொடுத்து முடித்தவர்களுக்குப் பானகம்: 10 லிட்டர் தண்ணீருக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ, எலுமிச்சம்பழம் 10, சுக்குப் பொடி 50 கிராம், கொஞ்சம் ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையைக் கரைத்து வடிகட்டிய பிறகே எலுமிச்சை. முதலிலேயே பிழிந்தால் கசடோடு வடிகட்டியில் பாதிச் சாறு போய்விடும்.

மதியத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு. 10 கிலோ அரிசிக்கு 3 கிலோ துவரம்பருப்பு, 2 கிலோ சின்ன வெங்காயம், கடலெண்ணெய், கடைசியில் நெய். அண்டாவில் வைக்கும்போது பருப்பு கீழே இறங்கி அடிபிடிக்கும் என்பதால், கொதி அடங்கியதும் அடுப்புத் தீயைத் தணித்துத் தட்டின் மேல் தணல் கொட்டி வேகவிட்டார்கள். ஒரு பருக்கைகூடத் தீயவில்லை.

சமையலை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கண்காட்சியில் இருந்தது. நாகம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது அவருடைய விருந்தோம்பலை. வேளை கெட்ட வேளையில் வந்த தொண்டர்களுக்கெல்லாம் அடுப்பு மூட்டியவர் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அது பாதி வாழ்க்கைதான். 1885-இல் பிறந்து, 1898-இல் ஈ.வெ.ரா.வை மணந்த பெண் அவர். 1921 கள்ளுக்கடை மறியலில் கணவர் சிறைக்குப் போனதும் நாத்தனார் கண்ணம்மாளோடு தெருவில் இறங்கினார். 144 தடை போட்ட அரசு, இவர்களைக் கைது செய்தால் ஊரே திரளும் என்று தடையை எடுத்தது. மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக வழங்குகிறது. அந்த வாசகம் ஆளுக்கு ஒரு விதமாக அச்சில் இருப்பதால், பலகை எழுதியவர் மேற்கோள்குறி போடாமல் சாரத்தை மட்டும் எழுதினார். அந்தப் பொறுப்புக்கு நன்றி. 1924-இல் வைக்கம் போராட்டத்தில் கணவர் கைதானபோது அங்கே போய்ப் பெண்களைத் திரட்டியவரும் இவரே. 1931 கடைசியில் பெரியார் ஐரோப்பா கிளம்பி மறு ஆண்டு நவம்பரில் திரும்பும்வரை இங்கே சுயமரியாதை இயக்கக் காரியங்களைப் பார்த்துக்கொண்டார். சுயமரியாதைத் திருமணங்களைத் தலைமை ஏற்று நடத்தினார். அடுப்பும் மறியலும் அவருக்கு ஒரே பொதுவேலை. பின்னாளில் 1959-இல் திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக அமைந்த இல்லத்துக்கு அவர் பெயர் வைத்து, அக்குழந்தைகளை வளர்த்த, பெரியாரின் இரண்டாம் துணைவியார் மணியம்மையாருக்கும் ஒரு பலகை வைத்திருந்தோம். அரசுக் கல்லூரிகளில் முதுகலை படிக்கும் பெண்களுக்கான இலவசக் கல்வித் திட்டம் நாகம்மையார் பெயரில் இருக்கிறது என்பது பார்க்க வந்த மாணவியர் பலருக்கே புதிய செய்தி.

படங்களைச் சீராக்கித் தந்த அச்சகத் தம்பிகளுக்கு நன்றி. அவருடைய படங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. அவையும் பழைய அச்சிலிருந்து எடுத்தவை. பெரிதாக்கினால் முகம் மறைந்து புள்ளிகள்தான் தெரியும். பேனர் அளவுக்கு வேண்டும் என்று கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லி, ஏ3 தாளுக்கு மேல் போகாமல் நிறுத்தியது சரியான முடிவு. நுழைவாயில் பேனரை பிளெக்ஸில் போடாமல் காடாத் துணியில் கையால் எழுதித் தந்த ஓவியருக்கும் நன்றி. துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட பிறகே எழுதினார். இல்லாவிட்டால் பெயின்ட் நூலோடு ஓடி எழுத்து பூத்துப்போகும். ஈரோட்டில் காடாவுக்குப் பஞ்சமில்லை. துணியில் எழுதத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்.

ரத்தப் பைகளை வங்கிக்குக் கொண்டுபோன ஓட்டுநர்களுக்கு: தட்டணு பிரிக்க வேண்டிய பைகளை ஐஸ் பெட்டியில் போடாமல் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், எடுத்த 6 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பதால் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல் தவணை தவணையாக ஓடினீர்கள். உச்சிவெயிலில் பிரப் ரோட்டு நெரிசலைக் கடப்பது எப்படிப்பட்ட காரியம் என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரவு செலவுக் கணக்கு மண்டப அறிவிப்புப் பலகையில் ரசீதுகளோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மிஞ்சிய அரிசியும் பருப்பும் சமையல் குழுவின் விருப்பப்படியே அரசு மருத்துவமனையில் நோயாளிகளுடன் தங்கியிருப்போருக்குச் சோறு போடும் அன்பர்களிடம் சேர்ந்துவிட்டன. ரத்தம் தந்த ஆண்கள் 90 நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் 9 முதல் மறுபடி தரலாம். பெண்களுக்கு 120 நாள். செப்டம்பர் 8 முதல். மயில்துத்தத்தில் மிதந்து திரும்பியவர்கள் மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகு, கொடுத்த சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் விட்டுப்போன எவர்சில்வர் தூக்குப்போசிகளும் குடைகளும் காவலரிடம் இருக்கின்றன; அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
முகாம் பணிக்குழுவினர்,
ஈரோடு