கடலோர வேல்ஸில் கண்டதும் ஜவ்வாது மலைக்குக் கேட்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் சுற்றுலாவை வளர்ப்பது குறித்த பேச்சு எழும்போதெல்லாம், அது விடுதி, சாலை, படகுத் துறை ஆகியவற்றோடு முடிந்துவிடுவதையும், அம்மலை மக்களின் பேச்சும் பாட்டும் மரஞ்செடிகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களும் அதில் இடம்பெறாமல் போவதையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் செவிலியராகப் பணிபுரியும் என் மகளின் வீட்டில் சென்ற கோடையில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்டவற்றை நம் மாவட்டத்தாரிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிரிட்டன் என்றால் எங்கும் ஆங்கிலம்தான் ஒலிக்கும் என்று எண்ணிச் சென்றேன். ஆனால் மகள் வாழும் குவினெத் மாவட்டத்தில் ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் மக்கள் தங்களுக்குள் வெல்ஷ் மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். வாகனங்கள் மெதுவாகச் செல்லவேண்டிய இடங்களில் 'அராவ்' என்னும் வெல்ஷ் சொல் சாலையிலேயே வெள்ளை எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். குவினெத்தில் மட்டும் அது 64.4 சதவீதம். வெளியிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளை அம்மொழியில் தோய்த்தெடுப்பதற்கென்றே அம்மாவட்ட நிர்வாகம் தனி மையங்களை நடத்துகிறது. என் பேரனும் அப்படி ஒரு மையத்தில் பயின்றவன்தான்.

அவனோடு கடற்கரையில் நடந்த மாலைகளை என்னால் மறக்க முடியாது. பாறைமேல் படுத்திருந்த சீல் என்னும் கடல் விலங்கு ஒன்றைக் காட்டி, "ஆயா, இதன் பெயர் மோர்லோ, கடல் கன்று என்று அர்த்தம்" என்றான். செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும், சிவந்த அலகும் சிவந்த காலும் உடைய கரிய பறவையை அவர்கள் 'சிவப்புக்கால் காக்கை' என்றே அழைக்கிறார்கள். புள்ளி போட்ட சிறு சிவப்பு வண்டுக்குக் 'குட்டைச் சிவப்புப் பசு' என்று பெயர். வேலியோரத்தில் மணி மணியாகப் பூக்கும் ஒரு செடிக்கு 'நாய் விரல்கள்' என்று பெயர். அந்த மண்ணில் ஆடு மாடு மேய்த்தவர்களின் கண் அச்சொற்களில் இன்னும் விழித்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்த அதே பிள்ளைக்குச் செம்போத்து எது, கரிச்சான் எது, கொண்டலாத்தி எது என்று தெரியாது. அவன் தாய்க்கும் தெரியாது.

அதற்கு நானே காரணம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்துகொண்டே மகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தேன். வகுப்பில் தமிழில் பேசினாள் என்று அப்பள்ளி விதித்த அபராதத்தை இரண்டு முறை வாய் திறவாமல் கட்டினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேல்ஸில், பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள் என்று அங்கே அறிந்தபோது அந்தப் பணம் நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது.

வெல்ஷ் மக்கள் இதிலிருந்து மீண்ட வழிகளில் ஒன்றை நேரில் பார்த்தேன். லீன் தீபகற்பத்தின் வடகரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, நந்த் குர்த்தெயர்ன் என்னும் சிற்றூர் இருக்கிறது. கருங்கல் குவாரித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட அவ்வூர், குவாரி மூடப்பட்டபின் வெறிச்சோடி, 1959-இல் கடைசிக் குடும்பமும் வெளியேறிய பிறகு கூரையற்ற சுவர்களாய் நின்றது. அருகிலிருந்த கிராமத்தில் மருத்துவராகப் பணியாற்றிய கார்ல் குளோவ்ஸ் முன்னின்று அமைத்த அறக்கட்டளை 1978-இல் அதை விலைக்கு வாங்கி, வீடுகளை ஒவ்வொன்றாகச் சீர்படுத்தியது. 1982-இல் அங்கே முதல் வெல்ஷ் வகுப்பு தொடங்கியது. பெரியவர்கள் அந்தக் குவாரி வீடுகளிலேயே தங்கி மொழி பயில்கிறார்கள். திருமண நாளில் விளையாட்டாய் ஒரு மரப்பொந்தில் ஒளிந்து, பின்னாளில் மின்னல் தாக்கி மரம் பிளந்தபோது எலும்புக்கூடாகவே கண்டெடுக்கப்பட்ட மெய்னிர் என்னும் மணப்பெண்ணின் கதை அந்தப் பள்ளத்தாக்குக்கே உரியது. அதை அந்த மரங்களுக்கு இடையே நின்று கேட்பது, பாடநூலில் படிப்பதைப் போன்றதன்று. மொழியைக் காக்கும் வேலை ஊருக்கு வேலைவாய்ப்பையும் தரவேண்டும் என்பது அந்த மருத்துவரின் எண்ணமாக இருந்தது. அதுவே எனக்கு மிகவும் பிடித்தது.

குறையும் இல்லாமல் இல்லை. கடற்கரையின் அழகுக்காக வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை வாங்கிக் கோடையில் மட்டும் வந்து போவதால், உள்ளூர் இளைஞர்களுக்கு எட்டாத உயரத்துக்கு வீட்டு விலை ஏறிவிட்டது. அவர்கள் வெளியேறினால் மொழியும் உடன் வெளியேறுகிறது. இதைக் கட்டுப்படுத்த அத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு 2023 முதல் 150 சதவீதம் கூடுதல் உள்ளாட்சி வரியைக் குவினெத் விதித்திருக்கிறது. ஏலகிரியில் நிலம் கைமாறி வருவதைப் பார்ப்பவர்கள் இதைக் கூர்ந்து படிக்கவேண்டும்.

பழைய வடாற்காட்டின் முதுகெலும்பான ஜவ்வாது மலையில் நமக்கு என்ன இல்லை? சாமையும் தேனும் கடுக்காயும் உண்டு. அடிவார ஊர்களில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடும் கலைஞர்கள் உண்டு. வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவுவதற்கு ஏற்ற இருண்ட வானம் காவலூரில் உண்டு. எனவே, கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒன்றை, பீஞ்சமந்தையிலோ ஜமுனாமரத்தூரிலோ, தமிழ் வளர்ச்சித் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஒரு தமிழ்த் தங்குமுகாமாக நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலவழியில் படிக்கும் நம் நகரத்துப் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் அங்கே ஒரு வாரம் தங்கட்டும். மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லிக் காட்டும் ஆசிரியர்களாக மலைவாழ் மக்களே இருக்கட்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் தரப்படவேண்டும். மாலையில் கூத்துக் கலைஞர்கள் வந்து அடவும் பாட்டும் சொல்லித் தரலாம்.

வரும் மே மாதம் என் பேரன் குடியாத்தத்துக்கு வருகிறான். அதற்குள் அப்படி ஒரு முகாம் தொடங்கப்பட்டால் அவனை முதல் மாணவனாகச் சேர்ப்பதோடு, எழுத்தும் இலக்கணமும் கற்பிக்க ஊதியமின்றி நானும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.