மாப்பிள்ளை அனுப்பிய விளம்பரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளை அனுப்பிய மின்சாரக் கார் விளம்பரத்தைப் படித்தேன். "கூரையில் சூரியத் தகடு, வெயிலிலேயே நாளுக்கு 50 கிலோமீட்டர், முழு சார்ஜில் 500 கிலோமீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பணம் கட்டுமுன் என்னைக் கேட்கச் சொன்னாயாமே, நல்லதாகப் போயிற்று. தொலைபேசியில் சொன்னால் எண்கள் காதோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வெயில் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சக்தி சுமார் 1,000 வாட். நல்ல தகடு அதில் 22 விழுக்காட்டை மின்சாரமாக்கும். சாதாரணக் காரின் கூரையில் இரண்டு சதுர மீட்டர் தகடு என்று தாராளமாகவே வைத்துக்கொள். 440 வாட் ஆயிற்று. உங்கள் மெல்பர்னில் ஜனவரி மாதம்தான் கோடை; அந்த மாதத் தெளிந்த நாளில், உச்சி வெயில் ஏழு மணி நேரம் அடித்ததற்குச் சமமான வெளிச்சம் கிடைத்தால் மூன்று யூனிட் (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). தகடு சூடேறுவதிலும் பேட்டரிக்குள் ஏற்றுவதிலும் வீணாவதைக் கழித்தால் இரண்டரை மிஞ்சும். என் மின்சார டாக்சி 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 16 யூனிட் குடிக்கிறது. இரண்டரை யூனிட்டை வைத்துக்கொண்டு 15 கிலோமீட்டர் போகலாம். 50 எங்கே, 15 எங்கே?

அதுவும் கோடையில். ஜூன் மாதம் உங்கள் ஊரில் நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 29 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மல்லாந்து கிடக்கும் தகட்டுக்கு அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பாதிகூட வந்து சேராது. பகலும் குறுகியது, மேகம் வேறு. அந்த விஷயத்தில் சிங்கப்பூர் கொடுத்துவைத்த ஊர், சூரியன் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆனால் இங்கே காரை வெயிலில் நிறுத்துபவர் யார்? வீவக (அரசாங்கக் குடியிருப்பு) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேல்தளம் காலியாகக் கிடந்தாலும் கீழே நிழலுக்குத்தான் சண்டை. தகட்டுக்காக வெயிலில் காயவிட்டால், பிறகு உள்ளே ஏறியதும் குளிரூட்டியை முழு வேகத்தில் வைக்க வேண்டியிருக்கும். டாக்சி நிறுத்துமிடத்தில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இறங்கிவிடும். இங்கே அரசாங்கம் தகட்டைக் கட்டடக் கூரைகளிலும், 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலும் பரப்பியது. காரின் தலையில் வைக்கவில்லை.

எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஹியூண்டாய் ஐயோனிக் 5 காரின் சூரியக் கூரை 205 வாட். வெயில் மிகுந்த இடத்தில் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் வரை கிடைக்கலாம் என்றார்கள். நாளுக்கு வகுத்தால் ஐந்தரை கிலோமீட்டர்! நெதர்லாந்தின் லைட்இயர் 0 கார் நாளுக்கு 70 கிலோமீட்டர் வரை என்றது. அதற்குக் காரணம் இருந்தது: ஐந்து சதுர மீட்டர் தகடு, 100 கிலோமீட்டருக்குப் பத்தரை யூனிட் மட்டும் செலவு. விலையோ 250,000 யூரோ. 2023 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. ஜெர்மனியின் சோனோ நிறுவனமும் அடுத்த மாதமே சயான் காரைக் கைவிட்டது. முன்பதிவு செய்தவர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். அமெரிக்காவின் ஆப்டெரா 700 வாட் தகட்டை வைத்துக்கொண்டு நாளுக்கு 64 கிலோமீட்டர் வரை என்கிறது. நல்ல வெயில் ஊருக்கு அந்தக் கணக்கு இடிக்கவில்லை. ஆனால் அது மூன்று சக்கரம், இரண்டு இருக்கை. உன் இரண்டு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பாய்?

இனி அந்த 500. எந்தச் சோதனை முறையில் அளந்தது என்று விளம்பரத்தில் தேடினேன், பொடி எழுத்தில்கூட இல்லை. இங்கே தெருவுக்குத் தெரு ஓடும் பிஒய்டி ஆட்டோ 3 காரை எடுத்துக்கொள். 60.48 யூனிட் பேட்டரிதான். என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் 480 கிலோமீட்டர், டபிள்யூஎல்டிபி என்ற புதிய முறையில் 420. பழைய சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். 2017இல் ஐரோப்பாவுக்கு வந்த புதிய முறையில் 46. இடையே 131 வரையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். சீனாவின் சிஎல்டிசி சோதனை தரும் எண்ணும் ஊதிப் பெருத்ததுதான்.

சிங்கப்பூரில் டபிள்யூஎல்டிபி எண்ணை நெருங்குவது அவ்வளவு கடினமில்லை. விரைவுச்சாலையிலேயே 90தான் உச்சம். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. மாப்பிள்ளை பள்ளி விடுமுறையில் சிட்னிக்கு ஓட்டிப் போக ஆசைப்படுகிறார். அந்த வழியிலுள்ள ஹியூம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருப்பதைவிட 110இல் ஏறக்குறைய இரு மடங்கு. 420 என்று எழுதியிருந்தால் 320 வந்தாலே மகிழ்ச்சி. வழியில் விரைவு சார்ஜர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம் மந்தமாகிவிடும் என்பதால், பத்திலிருந்து எண்பது வரைதான் ஏற்றுவீர்கள். ஆகவே ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 220 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஹீட்டரும் சேர்ந்தால் இன்னும் குறையும். பிள்ளைகளோடு போகும்போது அந்த இடைவெளியில் நிறுத்தத்தான் போகிறீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 500ஐ நம்பிக் கிளம்பாதீர்கள்.

சூரிய மின்சாரத்தில் ஓட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அதற்குத்தான் உங்கள் வீட்டுக் கூரை வடக்கே பார்த்துச் சாய்ந்து காலியாகக் கிடக்கிறதே! ஆஸ்திரேலியாவில் பரவலாகப் போடும் 6.6 கிலோவாட் அமைப்பு மெல்பர்னில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 20 யூனிட்டுக்கு மேல் தரும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் சோறு பொங்க மிஞ்சும். மின்நிறுவனத்துக்கு விற்றால் கிடைப்பது சொற்பம், காருக்குள் ஊற்றுவதுதான் லாபம். நீ வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறாய், பகலில் செருகிவிடு.

மாப்பிள்ளையிடம் இதை அப்படியே நீட்டாதே, மனம் நோவார். விற்பவரிடம் அவரையே கேட்கச் சொல்: தகடு எத்தனை வாட், டபிள்யூஎல்டிபி முறையில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட், அந்த 50 கிலோமீட்டர் எந்த ஊரின் எந்த மாதத்துக்கு, கார் வராவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல். பதில் வந்ததும் படம் பிடித்து அனுப்பு. வெள்ளிக்கிழமை நான் வண்டி எடுப்பதில்லை. மாலையில் அழைத்தால் மூவருமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். அம்மா பேசினால் முதலில் பேரப்பிள்ளைகளின் இருமலைப் பற்றித்தான் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா
ஈசூன்